குழந்தைக்கு வியர்வைச் சுரப்பி சோதனை தேவையா?

செந்தூல் அம்மா: மகனுக்கு 11 வயது, நல்ல பருமன். அப்பாவுக்கும் பாட்டிக்கும் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). பேரங்காடியில் ஒரு முகாமில் கருவி வைத்திருந்தார்கள். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தட்டில் வைத்தால் வியர்வைச் சுரப்பியைச் சோதித்து, இனிப்பு நீர் வரும் ஆபத்தைச் சொல்லிவிடுமாம். ஊசி கிடையாது. செய்யலாமா?

பினாங்கு குமரன்: தாராளமாகச் செய்யுங்கள் அக்கா. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர். இப்படி ஒரு சமூகத்தில் பிள்ளைக்கு வலிக்காத சோதனை கிடைத்தால் ஏன் விட வேண்டும்? வியர்வைச் சுரப்பிக்குப் போகும் மெல்லிய நரம்புகள்தான் சர்க்கரையால் சீக்கிரமே அடிபடுகின்றன.

பிரிக்பீல்ட்ஸ் நர்ஸ்: நரம்பு பற்றிச் சொன்னது சரி தம்பி, ஆனால் அக்கா கேட்டது வேறு. அந்தத் தட்டு 4 வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரம் விட்டு, சுரப்பியிலிருந்து குளோரைடு எவ்வளவு வருகிறது என்று அளக்கிறது, அவ்வளவுதான். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. எண் நன்றாக வந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய், ரத்தமே பார்க்காமல் விட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பயம்.

பினாங்கு குமரன்: சர்க்கரை எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே சிலருக்கு நரம்பு பாதிக்கிறது. அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஊசி என்றாலே அலறும் பிள்ளைகளை எத்தனை அம்மாமார் கிளினிக்கிற்கே கூட்டிப் போவதில்லை!

பிரிக்பீல்ட்ஸ் நர்ஸ்: அது பெரும்பாலும் பெரியவர்களிடம் பார்த்தது. பிள்ளைகளுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் வழி வேறு: எடை கூடி, குடும்பத்திலும் இனிப்பு நீர் இருந்தால் 10 வயதிலோ பருவமடையும்போதோ, எது முந்துகிறதோ அப்போதே ரத்தச் சோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை), இல்லையென்றால் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுப்பது. இரண்டாம் வகை இனிப்பு நீர் உறுதியானால் அப்போதே பாதத்தையும் நரம்பையும் பார்ப்பார்கள், அதற்குத் தொடு உணர்வைப் பார்க்க நைலான் இழையும், அதிர்வு உணர்வைப் பார்க்க 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் போதும். அக்கா, பையனின் கழுத்துப் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறதா? அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது.

செந்தூல் அம்மா: இருக்கிறது! சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

பினாங்கு குமரன்: அப்படியென்றால் முதலில் ரத்தம் பாருங்கள் அக்கா, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கருவியே வீண் என்பதை ஏற்க மாட்டேன். ஏற்கெனவே இனிப்பு நீர் உள்ள பிள்ளைகளின் நரம்பை வருடாவருடம் கவனிக்க அது உதவும்.

பிரிக்பீல்ட்ஸ் நர்ஸ்: மருத்துவர் கையில் இருந்தால் உதவட்டும், பேரங்காடியில் வேண்டாம். அப்புறம் அக்கா, வீட்டில் யாருக்காவது தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) இருந்தால் அரசாங்க கிளினிக்கில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எச்பிஏ1சி தப்பாகக் காட்டலாம்.