நெஞ்சுவலிக்கு ‘ஹார்ட்ஏக்’ என்று எழுதினால் தப்பா?

திருச்சி நர்ஸ்:
வணக்கம். ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து போவதற்காக ஓஇடி என்னும், மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன். அதில் 180 முதல் 200 சொற்களுக்குள் ஒரு மருத்துவக் கடிதம் எழுத வேண்டும். நேற்றைய பயிற்சியில், நெஞ்சுவலியோடு வந்தவருக்கு ‘ஹார்ட்ஏக்’ என்று எழுதினேன். தலைவலி ஹெட்ஏக், பல்வலி டூத்ஏக் என்றால் இதுவும் சரிதானே என்று நினைத்தேன். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். ‘லெக் இஸ் பெயினிங்’ என்பதையும் அடித்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. நமக்கு எல்லாமே வலிதானே, எதை எங்கே எழுதுவது?

வார்டு அக்கா:
தங்கச்சி, இங்கிலாந்தில் எலும்பு வார்டில் எனக்கு இது எட்டாவது வருடம். வந்த புதிதில் இதே இடத்தில்தான் நானும் திணறினேன்.

ஹார்ட்ஏக் என்றால் மனவேதனை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு வருவது அது. நெஞ்சுவலிக்கு எப்போதும் செஸ்ட் பெயின்தான். ஏக் ஒட்டிக்கொள்வது தலை, பல், காது, முதுகு, வயிறு என்று கொஞ்சம் உறுப்புகளோடுதான். மற்றதற்கெல்லாம் பெயின் என்று எழுதிவிடு, தப்பு வராது.

தனியாக ஏக் என்று வந்தால் அது மந்தமாக, விடாமல் இருக்கும் வலி. இரட்டை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் கால் உளைகிறது என்போமே, அதுதான். சுருக்கென்று குத்தினால் ஏக் ஆகாது, ஷார்ப் பெயின்.

சோர் என்ற சொல்லில் கவனமாக இரு. படுக்கைப் புண்ணைப் பெட்சோர் என்று தினமும் சொல்லிச் சொல்லி, சோர் என்றாலே புண் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. முதல் மாதம், இடுப்பு ஆபரேஷன் ஆன ஒரு பாட்டி ‘இட்ஸ் சோர்’ என்றார். நான் போர்வையை விலக்கிப் புண்ணைத் தேடினேன். தோல் நன்றாகவே இருந்தது. தையலைச் சுற்றித் தொட்டால் வலி, அதைத்தான் சொன்னார். எச்சில் விழுங்கினால் வலிக்கும் தொண்டைக்கும் சோர் த்ரோட்தான்.

பெயினிங் என்று இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘மை லெக் ஹர்ட்ஸ்’ என்பார்கள்.

பிசியோ தம்பி:
அக்கா சொன்னதோடு ஒன்று. 1975இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்பவர், வலியை விவரிக்கும் 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து ஒரு வினாத்தாள் செய்தார். அதைப் படித்தபோது எனக்குப் பாதிச் சொற்கள் நம் வீட்டுப் பேச்சாகவே தெரிந்தன. விண்விண்ணென்று தெறித்தால் த்ராபிங். இடுப்பிலிருந்து காலுக்குச் சுரீரென்று இறங்கினால் ஷூட்டிங். எரிச்சலுக்கு பர்னிங். இந்தச் சொல்லை வைத்துத்தான் நரம்பு வலியா, தசை வலியா என்று முதலில் யோசிக்கிறோம். அதனால் நோயாளி தமிழில் சொல்லும் சொல்லை அப்படியே காதில் வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் ‘வலி’ என்று சுருக்கிவிடாதீர்கள்.

திருச்சி நர்ஸ்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி தம்பி. கடிதத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். இன்னொன்று: ‘வயிற்றைப் பிசையுதும்மா’ என்று எங்கள் வார்டில் நிறையப் பேர் சொல்வார்களே, அதற்கு?

வார்டு அக்கா:
க்ராம்பிங். விட்டு விட்டு வருகிறதா என்று கேட்டு, அதையும் சேர்த்து எழுது.