பெயர்ப் பட்டியலை ஒரே சரமாக்க: ஜாயினா, லூப்பா?

சாட்ஸ்வொர்த்_நிரலன்:
எங்கள் கோயில் செயலியில் தைப்பூசக் காவடிக்குப் பதிந்தவர்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் பெயர், தொலைபேசி எண், காணிக்கை. பெயர்களை மட்டும் எடுத்து, இடையிடையே காற்புள்ளியிட்டு ஒரே சரமாக்க, அதாவது ஒரே எழுத்துத் தொடராக்க, வேண்டும். நிரல்மொழி சி ஷார்ப். ஒவ்வொரு பதிவாகச் சுற்றிவரும் ஃபார்ஈச் லூப்பில் பெயரையும் குறியையும் ஒட்டிக்கொண்டே போய், முடிவில் மிஞ்சும் காற்புள்ளியையும் இடைவெளியையும் வெட்டுகிறேன். வேலை நடக்கிறது. குழுவில் ஒருவர் அதை மாற்றச் சொல்கிறார். ஏன் மாற்ற வேண்டும்?

வெருலம்_செல்வி:
மாற்றத்தான் வேண்டும். பதிவிலிருந்து வேண்டியதை மட்டும் எடுக்கும் செலக்ட்டால் பெயரை எடுத்து, இடையில் குறியிட்டுக் கோக்கும் ஸ்ட்ரிங்.ஜாயினிடம் கொடுங்கள், ஒரே வரி. 2010இல் டாட்நெட் 4 (சி ஷார்ப் இயங்கும் தளம்) வந்ததிலிருந்து, இடையில் பட்டியலை அணியாக மாற்றும் டூஅரே கூடத் தேவையில்லை. உங்கள் வெட்டும் வரிதான் ஆபத்து. பட்டியல் காலியாக இருக்கும் நாளில் நீளம் பூஜ்யம். அதில் இரண்டைக் கழித்தால் எதிர்ம எண், நிரல் அங்கேயே நின்றுவிடும். ஜாயின் என்றால் வெற்றுச் சரம் வரும், அவ்வளவுதான்.

வேகத்தையும் பாருங்கள். சரத்தை மாற்ற முடியாது என்பதால் ஒவ்வொரு ஒட்டுக்கும் புதுச் சரம் உருவாகிறது. குறியோடு சேர்த்து 12 எழுத்துள்ள 1,000 பெயர்கள் என்றால் முடிவில் கிடைப்பது 12,000 எழுத்து. வழியில் படியெடுத்ததோ ஏறக்குறைய 60 லட்சம்.

டோங்காட்_மூத்தவர்:
செல்வி, அதற்கு, ஒவ்வொரு ஒட்டுக்கும் புதுச் சரம் உருவாக்காத ஸ்ட்ரிங்பில்டர் இருக்கிறதே அம்மா. லூப்பைக் கைவிட அது காரணமாகாது. பெயர் நல் ஆக, அதாவது மதிப்பே இல்லாமல், இருந்தால் சி ஷார்ப்பின் ஜாயின் எதுவும் சொல்லாமல் வெற்றிடம் வைத்துவிடும்: "குமார், , ராணி". ஜாவாவில் ஜாயினிங் செய்தால் நல் என்ற சொல்லே பெயர்களுக்கு நடுவே வந்து நிற்கும். லூப்பில் ஒரு இஃப் நிபந்தனை போட்டால் எந்தப் பதிவில் பெயர் இல்லை என்று குறித்துக்கொள்ளலாம். பிழைத்திருத்தியை அந்த வரியிலேயே நிறுத்திப் பார்க்கலாம். நிரலை நாளைக்குப் பழுதுபார்ப்பவர் வேறு ஒருவர். அவருக்காகத்தான் எழுத வேண்டும்.

வெருலம்_செல்வி:
அண்ணா, வேர் (Where) என்ற வடிகட்டியைப் போட்டால் நல் பெயர்கள் விலகிவிடும். ஆனால் பெயரே இல்லாத பதிவு உள்ளே நுழைந்தது எப்படி? அதைத் தடுக்க வேண்டிய இடம் பதிவுப் படிவம். சரம் கோக்கும் இடத்தில் காவல் போடுவது தாமதமான காவல்.

ஃபீனிக்ஸ்_கணக்கர்:
இருவரும் கோக்கும் முறையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை அந்தக் காற்புள்ளி மேல். குடும்பப் பெயரை முன்னால் போட்டு "பிள்ளை, ச." என்று பதிந்திருந்தால் ஒருவர் இருவராகிவிடுவார். காணிக்கையையும் சேர்த்தால் இன்னும் மோசம். இங்கே ராண்டைக் காற்புள்ளியிட்டுத்தான் எழுதுகிறோம்: 250,50. விண்டோஸில் தென்னாப்பிரிக்க அமைப்பைத் தேர்ந்திருந்தால் எண்ணைச் சரமாக்கும் டூஸ்ட்ரிங் தருவதும் அதுவே. "குமார்,250,50" என்ற வரியில் இரண்டு புலங்களா (தனித்தனித் தகவல்களா), மூன்றா? படிக்கும் நிரலுக்கு எப்படித் தெரியும்? காற்புள்ளியால் புலங்களைப் பிரிக்கும் சிஎஸ்வி கோப்புகளுக்காக 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 ஆவணம் இதற்கு வழி சொல்கிறது: புலத்துக்குள் காற்புள்ளி இருந்தால் இரட்டை மேற்கோள்குறிக்குள் அடையுங்கள், உள்ளே மேற்கோள்குறியே இருந்தால் அதை இரண்டாக்குங்கள். தொகைக்கு, எந்த நாட்டு அமைப்பையும் சாராத இன்வேரியன்ட் கல்ச்சர் கொடுங்கள், தசமம் புள்ளியாக வரும்.

டோங்காட்_மூத்தவர்:
அரைப்புள்ளிக்கு மாறினால் போதாதா?

ஃபீனிக்ஸ்_கணக்கர்:
தொகைக்குப் போதும். முகவரியில் யாராவது அரைப்புள்ளி இட்டுவிட்டால் பழைய சிக்கல்தான். எந்தக் குறியைத் தேர்ந்தாலும் அடைப்பு வேண்டும்.

சாட்ஸ்வொர்த்_நிரலன்:
பெயர்கள் அறிவிப்புப் பலகைக்கு, மனிதர்கள்தான் படிப்பார்கள். பொருளாளருக்குத் தனிக் கோப்பு போகிறது, அதில் தொகையும் உண்டு.

வெருலம்_செல்வி:
அப்படியென்றால் பலகைக்கு ஜாயின். கோப்புக்கு, மேற்கோள்குறியைத் தானே கவனிக்கும் சிஎஸ்வி நிரல் நூலகம் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

டோங்காட்_மூத்தவர்:
கோப்புக்கு நூலகம், சரி. பலகைக்கு நான் லூப்பைத்தான் சொல்வேன். பெயர் விடுபட்ட பக்தரை வேர் சத்தமில்லாமல் நீக்கிவிடும். அவர் காவடியோடு வந்து நிற்கும்போது பலகையில் அவர் பெயர் இருக்காது.