மறு: ‘ஆயுள் எதிர்பார்க்கை’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் life expectancy எனப்படுவதற்குப் பாடநூலில் ஊறிப்போன ‘ஆயுள் எதிர்பார்க்கை’ என்ற சொல்லை ஏன் கிளறுகிறீர்கள் என்று ஐயா கேட்டிருந்தார். ‘எதிர்பார்க்கை’ என்றதும் வாசகர் அதை எதிர்வுகூறலாக எடுத்துக்கொள்கிறார். பத்திரிகைகளோ ‘சராசரி ஆயுள்’ என்று போட்டு, இறந்தவர்களின் சராசரி வயதாக்கிவிடுகின்றன. இது இரண்டுமே இல்லை: ஓர் ஆண்டின் இறப்பு வீதங்கள் அப்படியே நீடித்தால் ஒருவர் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்வார் என்ற கணக்கு.

இரண்டாவது பிழைதான் பெரிது. இரண்டு கற்பனைக் கிராமங்களை எடுங்கள். இரண்டிலும் சிறுபிள்ளைகளின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 10, முதியோரின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 100. முதற் கிராமத்தில் 1,000 பிள்ளைகளும் 100 முதியோரும் என்றால், அந்த ஆண்டு 10 பிள்ளைகளும் 10 முதியோரும் இறப்பர். பிள்ளைக்கு 2 வயது, முதியவருக்கு 75 என்று வைத்தால் இறந்தோரின் சராசரி வயது 38.5. மற்றதில் 200 பிள்ளைகள், 500 முதியோர். இறப்பு 2, 50. சராசரி 72க்கு மேல். சுகாதார நிலை ஒன்றேதான், குடித்தொகையின் வயதமைப்புத்தான் வேறு.

இந்தக் கணக்கைப் போடும் ஆயுள் அட்டவணை இந்த வயதமைப்பின் தாக்கத்தை நீக்கிவிடுகிறது. ஒவ்வொரு வயதுக் கூட்டத்திலும் ஆண்டு இறப்பை நடு ஆண்டுக் குடித்தொகையால் வகுத்து வீதம் எடுக்கிறோம். ஐந்தாண்டுக் கூட்டத்தில் அது 0.004 என்றால், ஐந்தால் பெருக்க 0.02. அதை, ஒன்றோடு அதன் பாதியைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் அந்த ஐந்து ஆண்டுக்குள் இறக்கும் நிகழ்தகவு 0.02 ÷ 1.01, அதாவது 0.0198. அவ்வயதை எட்டிய 100,000 பேரில் 1,980 பேர் கழிவர். இப்படியே கடைசி வயது வரை கழித்து, எல்லோரும் வாழ்ந்த ஆண்டுகளைக் கூட்டி, தொடங்கிய தொகையால் வகுக்கிறோம். முதல் வயதுக்கு மட்டும் இந்தச் சூத்திரம் சரிவராது. இறப்புகள் ஆண்டின் நடுவில் நிகழ்வதாக அது எடுத்துக்கொள்கிறது. சிசு மரணங்களோ பெரும்பாலும் முதல் மாதத்துக்குள்ளேயே நிகழ்கின்றன.

ஆக, வெளிவருவது அந்த ஆண்டின் இறப்பு நிலை. 2004இல் சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. ஆறு இலட்சம் பேர் அளவான மாவட்டத்துக்கு, ஆயிரத்துக்கு 6 என்று பார்த்தாலும் வழமையான ஆண்டு இறப்பு 3,600தான். அந்த ஆண்டுக்குத் தனி அட்டவணை போட்டால் ஆயுள் எண் பாதாளத்துக்குப் போகும். டிசம்பர் 31இல் பிறந்த பிள்ளையின் வாழ்நாளா குறைந்தது? மறுபக்கம், மலேரியா நுளம்புகளுக்கு டி.டி.ரி. பூச்சிகொல்லி தெளித்த காலத்தில், 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இலங்கையின் இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. ஆயுள் எண்ணும் அதோடு குதித்தது.

என் முன்மொழிவு: ‘நடப்பு எஞ்சாயுள்’. ‘எஞ்சு’ இருப்பதால் 60 வயதில் மிச்சமுள்ள ஆண்டுகளுக்கும் பொருந்தும்.

— மட்டக்களப்பு

* * *

‘எஞ்சாயுள்’ வேண்டாம், தம்பி. வாசிக்கிறவர் ‘எஞ்சா’ என்று பிரித்தால் மிச்சமே இல்லாத ஆயுள் ஆகிவிடும்! கருத்து சரி. பிறப்பிலான ஆயுள் எண்ணிலிருந்து 60ஐக் கழித்து ஓய்வூதியக்காரருக்குக் கணக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 60ஐத் தாண்டியவர் இளவயது இறப்புகளைக் கடந்தவர் என்பதால் அவருக்குரிய மீதி அதைவிடக் கூட. அந்த ‘மீதி’யையே வைக்கலாமே: மீதியாயுள்.

‘நடப்பு’ம் உதைக்கிறது. 1946க்கு அது எப்படிப் பொருந்தும்? ‘ஆண்டுவழி’ என்போம். ஒரே ஆண்டில் பிறந்தோரைக் கடைசிவரை தொடர்ந்து எடுக்கும் கணக்கு ‘தலைமுறைவழி’.

மாவட்ட எண் போடுவோருக்கு இன்னொன்று. சம்மாந்துறைக்காரர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காலமானால் இறப்பு அங்கேயே பதிவாகும். குடித்தொகையிலோ அவர் அம்பாறை. வதிவிடம் பார்த்துப் பிரிக்காவிட்டால் அம்பாறையின் ஆயுள் எண் பொய்யாக உயரும், மட்டக்களப்பினது இறங்கும். 2001 குடிசன மதிப்பு அம்பாறையில் முழுமையாக நடந்தது, மட்டக்களப்பில் நடக்கவில்லை. அங்கே 1981, 2012 குடிசன மதிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில் இறப்பை வகுக்கும் குடித்தொகை எண் எல்லாம் மதிப்பீடுதான்.

— கல்முனை

* * *

‘மீதியாயுள்’ எனக்குச் சம்மதம். பிறப்பில் மீதி என்பது முழு ஆயுளே என்பதால் அங்கும் இடிக்காது. அட்டவணைத் தலைப்பு இப்படி வரட்டும்: ‘ஆண்டுவழி மீதியாயுள், பிறப்பில், இலங்கை, 2011–2013: ஆண் 72.0, பெண் 78.6’. மாவட்டத்துக்கானால் ‘வதிவிடப்படி’ அல்லது ‘இறந்த இடப்படி’ என்பதும் தலைப்பிலேயே வரவேண்டும். அடிக்குறிப்பை யாரும் வாசிப்பதில்லை. பரீட்சை எழுதும் பிள்ளைகள் மட்டும் பாடநூற் சொல்லையே எழுதட்டும், இல்லாவிட்டால் புள்ளி போய்விடும்.

— மட்டக்களப்பு