மாட் பாணி சூட்டின் தோள்: ஷோல்டர் பேடை மட்டும் எடுத்தால் சரியாகுமா?

நீலநூல் கேட்டது:

1960களின் தொடக்கத்தில் லண்டனில் உடை நாகரிகத்துக்குப் பெயர்பெற்ற மாட் (mod) இளைஞர் கூட்டத்தினர் அணிந்ததைப் போன்ற ஒரு சூட்டை, பல மாதங்கள் பணம் சேர்த்து அண்மையில் தைத்துக்கொண்டேன். மூன்று பொத்தான்கள், இரண்டரை அங்குல லேப்பல் (மார்பில் மடிந்து கிடக்கும் காலரின் கீழ்ப்பகுதி), பின்புறம் இரு பக்கமும் வெட்டு, 16 அங்குல வாய் கொண்ட கால்சட்டை என நான் எழுதிக்கொடுத்தவை எல்லாம் பிசகாமல் வந்திருக்கின்றன. ஆயினும் அந்தக் காலப் புகைப்படங்களில் காணும் கச்சிதம் இதில் இல்லை. 1980களின் அலுவலகக் கோட்டில் குறுகிய லேப்பலை வைத்துத் தைத்ததைப் போல் தோன்றுகிறது. தோள் தடித்து, என் எலும்பைத் தாண்டி வெளியே நிற்பதே காரணம் என்று நினைக்கிறேன். தோளுக்குள் வைத்துத் தைக்கும் மெத்தையான ஷோல்டர் பேடை எடுத்துவிட்டால் போதுமா?

வெட்டுமேசை எழுதியது:

நண்பரே, நீங்கள் குறையைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள். தையற்கடையில் பெரும்பாலோர் லேப்பலையும் பொத்தானையும் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது தோளின் கோடுதான். குறுகிய லேப்பல் அழகாகத் தெரிவதற்குத் தோளும் அதற்கு ஏற்ற அளவில் அடங்கியிருக்க வேண்டும். தோள் விரிந்துவிட்டால் மார்பில் வெறும் துணி அகலமாகத் தெரியும். அதன் நடுவே இரண்டரை அங்குல லேப்பல் நாடாவைப் போல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பேடை மட்டும் எடுக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். தோளின் சரிவை வெட்டும்போதே பேடின் உயரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் வெட்டுவார்கள். ஆகவே பேட் போனதும் அந்த உயரத்துக்கான துணி தாங்குவாரின்றித் தொய்ந்து, கைக்குழியை, அதாவது கையைப் பூட்டும் திறப்பை ஒட்டிச் சுருக்கமாக விழும். கையைப் பிரித்து, தோளை உள்ளே வெட்டி, சரிவை மாற்றி, மறுபடி கையைப் பூட்டுவதே முறையான வழி. அதிலும் கைக்குழி முதலிலேயே தாழ்வாக வெட்டப்பட்டிருந்தால், வெட்டிய துணியைத் திரும்பக் கொண்டுவர இயலாது.

கைக்குழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் மாட் சூட்டின் மெல்லிய உருவமே அதில்தான் அடங்கியிருக்கிறது. குழி சிறியதாக, அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால், உடல் பகுதியை எவ்வளவு ஒட்டித் தைத்தாலும் கையைத் தூக்கும்போது கோட் முழுவதும் மேலே ஏறாது. லாம்பிரெட்டா, வெஸ்பா ஸ்கூட்டர்களின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சென்றவர்களுக்கும், விடிய விடிய நடனமாடியவர்களுக்கும் இது வெறும் அழகுக்கான விஷயம் அன்று.

மொஹேர்பிரியன் எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மாட் தோள் என்று ஒரே ஒரு வடிவம் இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. தொடக்கத்தில் அவர்களை ஈர்த்தது ரோம் நகரப் பாணி. 1945இல் அங்கே தொடங்கப்பட்ட பிரியோனி என்ற தையல் நிறுவனம் 1952இல் ஃபுளோரன்சில் ஆடவர் உடைகளை மேடையேற்றியது. குட்டையான கோட்டும் இலேசான தோளும் அந்தப் பாணியின் அடையாளங்கள். அதன் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் ஐவி லீக் பாணியும் வந்து கலந்தது. அதில் பேடே இல்லாதது போன்ற இயல்பான தோள் உண்டு, ஆனால் இடுப்பில் பிடிப்பு இல்லை. மாட் இளைஞர்களோ இடுப்பும் ஒடுங்கியிருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். ஆகவே எந்த ஆண்டின் சாயலை விரும்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1969இல் டாமி நட்டர் என்ற தையற்காரர் லண்டனின் தையற்கடைத் தெருவான சாவில் ரோவில் கடை திறந்தபோது, தோளும் லேப்பலும் சேர்ந்தே அகன்றுவிட்டன. அது வேறு உருவம்.

துணி எது என்று நீங்கள் சொல்லவில்லை. 1957இல் டோர்மெய் என்ற துணி நிறுவனம் வெளியிட்ட டோனிக் போன்ற, மொஹேர் (அங்கோரா ஆட்டின் ரோமம்) கலந்த துணியாக இருந்தால், கம்பளியைப் போல நீராவி இஸ்திரியில் அது சுருங்கிக் கொடுக்காது. கையின் தலைப்பகுதியில் மிகுதியான துணியை விட்டுவிட்டு, இஸ்திரியால் அடக்கிவிடலாம் என்று தைத்தால், தோள் விளிம்பு முழுவதும் சிறு சுருக்கங்கள் எழும். அத்தகைய துணிக்குத் தோள் முனையில் மெல்லிய எழுச்சி போதும். கயிறு வைத்தாற்போல் புடைக்கத் தேவையில்லை.

நீலநூல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. துணி மொஹேர் கலந்ததுதான். நீங்கள் சொன்ன சுருக்கங்களும் இருக்கின்றன. நான் விரும்புவது 1963ஐ ஒட்டிய உருவம். இந்தக் கோட்டைக் காப்பாற்ற முடியுமா, அடுத்ததில் கவனிக்க வேண்டுமா என்பதை எப்படி அறிவது?

வெட்டுமேசை எழுதியது:

கோட்டை அணிந்து, சுவருக்குப் பக்கவாட்டில் நின்று அதை நோக்கி மெல்ல நகர்ந்து செல்லுங்கள். கையின் மேற்பகுதி சுவரில் படுவதற்கு முன்பே பேட் பட்டு மடங்கினால் தோள் அகலம் மிகுதி. பிறகு பொத்தானைப் பூட்டிக்கொண்டு இரு கைகளையும் ஸ்கூட்டர் ஓட்டுவதைப் போல முன்னே நீட்டுங்கள். அப்போது காலர் கழுத்தைவிட்டு எழாவிட்டால் கைக்குழி நன்றாக இருக்கிறது என்று பொருள். தோளை மட்டும் உள்ளே எடுக்கச் சொல்லலாம், அந்தச் செலவு வீணாகாது. காலர் எழுந்துவிட்டால் இந்தக் கோட்டில் மேலும் பணம் போடாதீர்கள். அடுத்ததைத் தைக்கும்போது, கைகளைப் பூட்டுவதற்கு முன்பே ஒரு ட்ரையல் கேளுங்கள். தோள் முனை எலும்போடு முடிகிறதா என்பதை அந்த நிலையில்தான் ஐயமின்றிப் பார்க்க முடியும்.