குதிரை மசாலோடு கம்பு கலந்து விதைத்தால் களை வராதாம்!

மேட்டுக்காட்டான்:
"மாட்டுத் தீவனப் பயிரான குதிரை மசாலோடு கம்பைக் கலந்து விதையுங்கள், களையெடுக்கவே வேண்டாம்" என்று நேற்று பண்ணைக்குயில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இதை நம்பி நாலு பேர் விதைத்துவிட்டால் விதைக்காசை யார் தருவது? மசால் முளைத்து ஒரு மாதம் ஆனாலும் ஒரு சாண் இருக்காது. கம்பு அதற்குள் முழங்காலைத் தாண்டிவிடும். மசாலுக்கு நிழலே ஆகாது. களையை விரட்டுகிறேன் என்று காசு கொடுத்து இன்னொரு களையை விதைக்கச் சொல்கிறீர்கள்.

பண்ணைக்குயில்:
முழுசாகப் படித்துவிட்டுப் பேசுங்கள் அண்ணா. கம்பைக் கதிர் வரை விடச் சொல்லவில்லை, 40ஆம் நாள் அறுத்து மாட்டுக்குப் போடச் சொன்னேன். மசால் முதல் அறுப்புக்கு வர 75, 80 நாள் ஆகிறது. அதுவரை மாடு எதைத் தின்னும்? சாரணை, பார்த்தீனியம் மாதிரிக் களை வருகிற இடத்தில் கம்பு வரட்டுமே. அமெரிக்காவில் ஓட்ஸைத் துணைப்பயிராகப் போட்டுத்தான் மசாலைக் கிளப்புகிறார்கள்.

மேட்டுக்காட்டான்:
அமெரிக்காவைச் சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள். ஓட்ஸ் குளிர் தாங்கும் பயிர். அதையும் தனிப்பயிருக்குப் போடுகிற விதையில் பாதியோ அதற்கும் குறைவோதான் போடுவார்கள், கதிர் வெளியே வராமல் தோகைக்குள் பொதியாக இருக்கும்போதே அறுத்துவிடுவார்கள். சரிவு நிலத்தில் மண் அரிக்காமல் இருக்க அது நல்ல வழி. அங்கேயும் மழை காற்றில் ஓட்ஸ் சாய்ந்தால் அடியில் இருக்கிற மசால் மூச்சுமுட்டிப் போகும். நம் ஈரோட்டில் தண்ணீர் கட்டுகிற சமப் பாத்தியில் எந்த மண் அரிக்கிறது?

அப்புறம் அந்த 40ஆம் நாள். அறுத்தால் கம்பு செத்துவிடுமா? தூர் வெடித்து மறுபடி கிளம்பும். அதற்கு எத்தனையாம் நாள் குறிப்பீர்கள்?

வரப்போரம்:
இரண்டு பேரும் அம்மையார் கூந்தல் என்கிற ஒட்டுண்ணிக் களையை மறந்துவிட்டீர்கள். மசாலை அழிப்பதே அதுதான். முளைத்துச் செடியைப் பற்றிக்கொண்டால் அதற்கு வேரே தேவையில்லை, மஞ்சள் நூலைச் சிக்கலாக விரித்துப் போட்டதுபோல் பாத்தி முழுக்கப் படரும். மசால் விதையோடு விதையாகக் கலந்து வருகிறது. அதைக் கம்பு என்ன செய்யும்? விதையைச் சலித்துச் சுத்தமாக வாங்குங்கள். திட்டாகத் தெரிந்தால் பூக்கும் முன்பே மசாலையும் சேர்த்து அறுத்து அங்கேயே எரித்துவிடுங்கள். விதை கொட்டிவிட்டால் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும்.

மேட்டுக்காட்டான்:
நல்ல பேச்சு வரப்போரம், ஆனால் கேள்வி அதில்லை. 40ஆம் நாள் அறுத்த கம்பு மறுபடி தழைக்குமா தழைக்காதா?

பண்ணைக்குயில்:
தரையோடு அறுத்தால் தழைக்காது.

மேட்டுக்காட்டான்:
தரையோடு அறுத்தால் பக்கத்தில் நிற்கிற மசாலின் தலையும் சேர்ந்து போகுமே! மறுபடி தழைக்க அந்த வயசில் வேரில் சத்துச் சேர்ந்திருக்குமா? கம்புக்கு அடியில் முளைத்ததை ஒரு முறை குனிந்து பாருங்கள். வெளிறிப்போய், நூலாக நீண்டு, வெளிச்சம் வருகிற பக்கம் சாய்ந்து நிற்கும். திடீரென்று மேலே இருக்கிற கம்பை எடுத்தால் வெயிலில் சுருண்டுவிடும். ஏக்கருக்கு 8 கிலோ விதை, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை, இரண்டு முறை கைக்களை. இதற்குக் கூலி ஆகும். ஆனால் மூன்று நான்கு வருடம் நிற்கிற பயிருக்கு முதல் இரண்டு மாதம் செலவழிக்க மாட்டேன் என்றால் எப்படி?

ஆட்டுக்கொட்டில்:
கைக்களைக்கு ஆள் எங்கே கிடைக்கிறது என்று மேட்டுக்காட்டான் சொன்னால் நல்லது. விதைத்ததும் பெண்டிமெத்தலின் என்கிற களைக்கொல்லியைத் தெளித்துவிட்டுப் போகலாம். கம்பு கலந்தால் அதுவும் முடியாது, அந்த மருந்து கம்பையும் முளைக்க விடாது.

பண்ணைக்குயில்:
வந்துவிட்டார் மருந்துக்காரர். உங்கள் ஆடு பச்சை மசால் தின்று வயிறு உப்பிக் கிடந்தபோது இங்கேதானே ஓடிவந்தீர்கள்? வாடவைத்து, வைக்கோல் கலந்து போடச் சொன்னது நான்.

ஆட்டுக்கொட்டில்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நன்றி அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. நான் மருந்துக்கடை வைத்திருக்கவில்லை.

மேட்டுக்காட்டான்:
ஆட்டு வயிற்றைப் பிறகு பாருங்கள். முன்பு அசோலா என்கிற நீர்த்தாவரத் தீவனம் பற்றிப் பேசியபோதும் பண்ணைக்குயில் இப்படித்தான் பேச்சை மாற்றினார், எனக்கு இன்னும் மறக்கவில்லை. தரையோடு அறுக்கும்போது மசால் தலை தப்புமா? ஒரு வார்த்தையில் பதில் வேண்டும்.

பண்ணைக்குயில்:
அசோலாவில் நான் சொன்னதுதான் சரி, அதை எங்கே வேண்டுமானாலும் பேசத் தயார். கம்பை வரிசைக்கு நடுவில் போட்டுக் கையால் பிடித்து அறுத்தால் மசால் தலையில் அரிவாள் படாது.

வரப்போரம்:
நேற்று கலந்து விதை என்றீர்கள், இன்று வரிசைக்கு நடுவில் என்கிறீர்களே தம்பி.

மேட்டுக்காட்டான்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். கலந்து விதைத்தால் நடுவரிசை எங்கிருந்து வரும்? உங்கள் காட்டில் விதைத்து, 40ஆம் நாள் அறுத்து, மறுவாரம் பாத்தியைப் படம் எடுத்துப் போடுங்கள். மாட்டை விடுங்கள், மசாலைக் காட்டுங்கள்.

பண்ணைக்குயில்:
போடுகிறேன். அதற்கு முன் நீங்கள் கைக்களை எடுத்த பாத்தியைப் போடுங்கள். கோரை இல்லாமல் இருந்தால் பேசலாம்.

மேட்டுக்காட்டான்:
கோரை கம்புக்கு மட்டும் பயந்துவிடுமா? 40ஆம் நாளுக்கு இன்னும் பதில் வரவில்லை.