‘டூ ஏர்லி டு சே’ என்றால் என்ன? மதுரைப் பக்கத்து ஆட்கள் அனுபவம் சொல்லுங்கள்

வில்லாபுரம் டீச்சர்:

மாலை நேரத்தில் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். கடை வைத்திருப்பவர்கள், நர்சிங் படிக்கிற பெண்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற அம்மாக்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்திருந்தும் பொருள் தலைகீழாகப் போகிற ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டூ, இனஃப், ஒன்லி, ஹவ் மாதிரி ஒரு சின்ன வினையடை வரும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் ‘டு’ போட்ட ஒரு வினைச்சொல் வரும். நம் ‘குடிக்க’, ‘போக’, ‘சொல்ல’ என்கிற எச்சம் மாதிரிதான் அது. ஆனால் முன்னால் நிற்கிற வினையடைதான் அந்த எச்சத்தின் பொருளைத் தீர்மானிக்கிறது.

என் வகுப்புக்கு வருகிற உசிலம்பட்டிக்காரர் ஒருவர் சொன்னது. அவருடைய தம்பிக்குப் பக்கவாதம் வந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். வெளிமாநில டாக்டர், தமிழ் தெரியாது. “எப்படி இருக்கு?” என்று கேட்டதற்கு அவர், “இட் இஸ் டூ ஏர்லி டு சே” என்றிருக்கிறார். அண்ணன் காதில் விழுந்தது ‘ஏர்லி’ மட்டும். “ஆரம்பத்துலயே புடிச்சிட்டாங்களாம், பயப்பட ஒண்ணும் இல்லை” என்று சொந்தக்காரர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார். டாக்டர் சொன்னதோ, “இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது.” அன்று ராத்திரி தம்பிக்கு ரொம்ப முடியாமல் போனபோது பக்கத்தில் துணைக்கு ஆள் இல்லை. தம்பி பிழைத்துக்கொண்டார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரல் இன்னும் கம்முகிறது.

அவர்மேல் குறை சொல்ல நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வாக்கியத்தில் ‘நாட்’ கிடையாது, ‘கான்ட்’ கிடையாது. தமிழில் ‘குடிக்க முடியாத சூடு’ என்று முடியாமையை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ‘டூ ஹாட் டு டிரிங்க்’ என்கிற ஆங்கிலத்தில் அந்த முடியாமை முழுவதும் ‘டூ’வுக்குள்தான் இருக்கிறது. போதாததற்கு முதல் டூவும் பின்னால் வருகிற டுவும் நம் காதுக்கு ஏறக்குறைய ஒரே சத்தம். பள்ளிக்கூடத்தில் ‘டூ’வை நீக்கி ‘சோ... தட்... கெனாட்’ என்று மாற்றி எழுதச் சொல்லி மார்க் போட்டோம். அதையே ஒருவர் வாயால் சொல்லிக் கேட்கிற பயிற்சியைக் கொடுக்கவே இல்லை.

இன்னொன்று. நம்மில் பலர் ‘த டீ இஸ் வெரி ஹாட் டு டிரிங்க்’ என்கிறோம். ‘வெரி’ என்பது ‘ரொம்ப’, அவ்வளவுதான். குடிக்க முடியவில்லை என்கிற பொருளை அதனால் தர முடியாது. பின்னால் வருகிற ‘டு டிரிங்க்’ என்கிற வாலைத் தாங்க டூதான் வேண்டும். கடைசியில் ‘டிரிங்க் இட்’ என்று ஓர் ‘இட்’டையும் சேர்க்க வேண்டாம். டீயைப் பற்றித்தான் பேச்சு என்று முதலிலேயே சொல்லியாயிற்று.

மருத்துவமனையில் இப்படி ஏதாவது காதில் விழுந்தால் “சோ யூ கான்ட் சே யெட்?” என்று திருப்பிக் கேளுங்கள் என்று என் வகுப்பில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

தையல்காரர் மகன், சிம்மக்கல்:

டீச்சர், இனஃப் பற்றி எங்கள் அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு முந்தைய காலத்தில், மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தில் மெஷின் போட்டிருந்தவர். வெள்ளைக்காரர்கள் ஒரு சட்டையை மாதிரிக்குக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போவார்கள். அதேபோல இன்னொன்று தைத்து வைப்பார். ஆங்கிலம் முழுக்கக் காது வழியாக வந்ததுதான்.

முதலில் “இனஃப் லூஸ்?” என்றுதான் கேட்பாராம். எதிரே இருப்பவர்கள் “எஸ், லூஸ் இனஃப் டு சிட் இன்” என்பார்கள். கேட்டுக் கேட்டு அவரே ஒரு கணக்குக்கு வந்துவிட்டார். துணி, நூல், நேரம் மாதிரி ஒரு பொருளாக இருந்தால் இனஃப் முன்னால் வரும்: ‘இனஃப் கிளாத் டு மேக் எ ஷர்ட்’. நீளம், லூசு, வேகம் மாதிரி ஒரு தன்மையாக இருந்தால் பின்னால் போய்விடும்: ‘லாங் இனஃப் டு கவர் த நீ’. கால் தெரிகிற அரை டிரவுசரோடு கோயிலுக்குள் விடமாட்டார்கள் என்பதால், முட்டியை மறைக்கிற நீளம் இருக்கிறதா என்கிற கேள்வி தினமும் வரும். அதிலேயே அவருக்கு அந்த வாக்கியம் படிந்துவிட்டது. எனக்குக் கல்லூரியில்கூட யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மகால் பக்கம் கைடு வேலை பார்ப்பவர்:

ஒன்லி பற்றி ஒரு சம்பவம். எங்களோடு புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன். மத்தியானம் ஒரு தம்பதி அவனிடம் வந்து, “வீ கேம் ஆல் த வே ஒன்லி டு ஃபைண்ட் த டெம்பிள் க்ளோஸ்ட்” என்றார்கள். பையன் என்னிடம் வந்து, “அண்ணே, கோயில் மூடியிருக்கிறதைப் பார்க்க மட்டும்தான் வந்தாங்களாம்ணே, ஏதாவது ஆராய்ச்சியா?” என்கிறான். அவன் உண்மையாகவே கேட்டான். ‘ஒன்லி’ என்றால் மட்டும், ‘டு ஃபைண்ட்’ என்றால் பார்க்க, சேர்த்தால் அப்படித்தானே வரும்?

நான் சொன்னேன்: நம்ம ஊரில் “அடிச்சுப் பிடிச்சு வந்து பார்த்தா, நடை சாத்தியிருக்கு” என்போமே, அந்த ‘வந்து பார்த்தா’தான்டா இது. எதற்காக வந்தார்கள் என்பதை அது சொல்லவில்லை. வந்தபின் என்ன ஆனது, அதுவும் நினைத்ததற்கு மாறாக என்ன ஆனது என்பதைச் சொல்கிறது. அப்புறம் அவர்களை மகாலுக்கு அழைத்துப் போய், 1636-ல் திருமலை நாயக்கர் கட்டியது என்று தொடங்கி, நடை திறக்கிற வரைக்கும் அவனே எல்லாத் தூணையும் காட்டினான்.

திருநகர் அம்மா:

எனக்கு ‘ஹவ் டு’. “ஹவ் டு கோ டு மாட்டுத்தாவணி?” என்று நாம் கேட்பது இங்கே எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டில் இருக்கிற என் மருமகள்தான் சொன்னாள்: “அத்தை, ஹவ் டு என்று தொடங்கினால் அது ஒரு தலைப்பு மாதிரி நிற்கும், கேள்வியாக முடியாது. ‘ஹவ் டூ (do) ஐ கெட் டு’ என்று கேளுங்கள், இல்லையென்றால் ‘கேன் யூ டெல் மீ ஹவ் டு கெட் டு’ என்று உள்ளே வைத்துக் கேளுங்கள்.” வேர், வென் எல்லாவற்றுக்கும் இதே வழி. ‘ஒய்’ மட்டும் சாதாரணமாக ‘டு’வைச் சேர்த்துக்கொள்ளாது. ‘ஒய் வெயிட்?’ என்று வினைச்சொல்லை நேராகப் போட வேண்டுமாம்.

சுங்குடி ஏற்றுமதி, கணக்குப் பிரிவு:

டீச்சர் சொன்னதில் ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். டூ வந்தாலே ‘முடியாது’ என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர், “வீ உட் பி ஒன்லி டூ கிளாட் டு டேக் மோர்” என்று எழுதியிருந்தார். எங்கள் முதலாளி பள்ளியில் படித்த கணக்கை வைத்து, ‘இனிமேல் எடுக்க முடியாது’ என்கிறார்கள் என்று சாயம் போடுவதையே நிறுத்தச் சொல்லிவிட்டார். அவர்களோ, மிகுந்த மகிழ்ச்சியோடு இன்னும் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள்! நல்லவேளை, அவர்களே போன் பண்ணி எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார்கள்.

வில்லாபுரம் டீச்சர்:

அருமையான உதாரணம் சார். கிளாட், ஹேப்பி, ப்ளீஸ்ட் மாதிரி மகிழ்ச்சியையும் விருப்பத்தையும் சொல்கிற சொற்களுக்கு முன்னால் ‘ஒன்லி டூ’ வந்தால் அது ‘மிகவும்’தான், முடியாமை அங்கே இல்லை. இதோடு இரண்டைச் சேர்த்து மனதில் வையுங்கள். ‘டூ குட் நாட் டு ஷேர்’ என்றால் பகிராமல் இருக்க முடியாத அளவுக்கு நல்லது. ‘நெவர் டூ லேட் டு லேர்ன்’ என்றால் இனிக் கற்க முடியாது என்கிற அளவுக்குத் தாமதம் எப்போதுமே ஆகிவிடாது. இரண்டிலும் எதிர்மறை இரட்டிப்பதால் பொருள் நேராகிவிடுகிறது.

தையல்காரர் மகன், சிம்மக்கல்:

ஒரு கேள்வி. சட்டை மற்றவர்களுக்குச் சரியாக இருக்கிறது, எனக்கு மட்டும் இறுக்கம் என்றால்?

வில்லாபுரம் டீச்சர்:

யாருக்கு என்பதை ‘ஃபார்’ போட்டு நடுவில் வையுங்கள்: ‘டூ டைட் ஃபார் மீ டு வேர்’. உங்கள் அப்பாவின் இனஃபுக்கும் இதே இடம்தான்: ‘லூஸ் இனஃப் ஃபார் ஹிம் டு சிட் இன்’.