புதிய மின்சாரக் கார்: இரவு நிறுத்தினால் காலையில் உயிர் இல்லை, சர்வீஸில் ‘கோளாறு எதுவும் இல்லை’ என்கிறார்கள். உதவி தேவை

விடியற்காலை எழுதியது:

வணக்கம். கார் வாங்கி ஏழு மாதம், ஓடியது 9,400 கி.மீ. புதிதாக வந்த நிறுவனம். பெயரைச் சொல்லவில்லை, இன்னும் அவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ஓட்டுவதில் ஒரு குறையும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தி வைப்பதில்தான் பிரச்சினை.

இதுவரை நான்கு முறை நடந்துவிட்டது. முதல் முறை காலை ஐந்து மணி. அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள், அவரைக் கைத்தாங்கலாகக் கீழ்த்தள பார்க்கிங் வரைக்கும் அழைத்து வந்து நிற்க வைத்துவிட்டுப் பார்த்தால் கதவின் கைப்பிடி வெளியே வரவில்லை. சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியை உருவித் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை, திரை கருப்பு, பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டுக்குக் கீழே ‘டிக் டிக் டிக்’ என்று ரிலே அடித்துக்கொண்டு அப்படியே அடங்கிவிட்டது. முந்தைய இரவு, காரை ஓட்டும் பெரிய பேட்டரியில் 71 சதவீதம் இருந்தது. அம்மாவை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிட்டால், கீழ்த்தளத்துக்குள் அதன் உயரம் நுழையாது. நியூட்ரலுக்கும் மாற்ற முடியவில்லை, பார்க்கிங் பிரேக்கும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது. சக்கரத்துக்கு அடியில் உருளைத் தட்டுகளைச் செருகி நான்கு பேர் தள்ளி மேலே ஏற்றினார்கள்.

முதல் முறை சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு, இனி வராது என்றார்கள். இரண்டாம் முறை 12 வோல்ட் பேட்டரியை மாற்றினார்கள். மூன்று வாரத்தில் மறுபடியும் படுத்துவிட்டது. மூன்றாம் முறை மூன்று நாள் வைத்திருந்து, ‘கோளாறு எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். நான்காம் முறை போன திங்கள். இந்தத் தடவை ஜம்ப் பேக் (12 வோல்ட் பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் சின்னக் கருவி) வாங்கி வைத்திருந்ததால் நானே எழுப்பிவிட்டேன். அடுத்த வாரம் சர்வீஸுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் என்ன கேட்க வேண்டும், வாரண்டி கெடாமல் வீட்டில் எதைச் சோதித்துப் பார்க்கலாம்? தயவுசெய்து அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அம்மாவை அந்த நேரத்தில் கார் பக்கத்தில் நிற்க வைத்தது இன்னும் மனதை அறுக்கிறது.

மூன்றாவது கார் எழுதியது:

நண்பரே, உங்கள் அம்மா இப்போது நலம்தானே? முதலில் அதைக் கேட்கிறேன்.

இது பெரிய பேட்டரியின் கோளாறு அல்ல என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. கதவு, திரை, கணினிகள் எல்லாமே 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை மற்ற பாகங்களோடு இணைக்கும் கான்டாக்டர் மூடுவதற்கும் அந்தச் சின்ன பேட்டரிதான் வேண்டும். அது காலியானால் பெரியதில் 71 இருந்தாலும் 100 இருந்தாலும் வண்டி எழுந்திருக்காது. என் இரண்டாவது காரில் இதே கதை.

இரண்டு கேள்வி. நான்கு முறையும் கீழ்த்தளத்தில்தான் நடந்ததா? வெளியே, திறந்த இடத்தில் இரவு முழுக்க நிறுத்திய நாள்களில் எப்போதாவது நடந்ததா? நிறுவனத்தின் ஆப்பை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறீர்கள்?

விடியற்காலை எழுதியது:

அம்மா நலம், நன்றி.

நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். நான்கும் கீழ்த்தளத்தில்தான். நடுவில் பத்து நாள் உறவினர் வீட்டில் தெருவில்தான் நின்றது, ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. ஆப்பை... உண்மையைச் சொல்கிறேன், முதல் சம்பவத்துக்குப் பிறகு பயத்தில் ராத்திரி எழுந்தாலும் திறந்து பார்த்துவிடுகிறேன். அங்கே சிக்னல் சரியாக இல்லாததால் பல நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆரஞ்சு கேபிள் எழுதியது:

பதினொரு வருடமாக வண்டி மின்சார வேலை, அதில் கடைசி ஐந்து வருடம் மின்சார வாகனங்கள் மட்டும். உங்கள் கடைசிப் பதிவில்தான் விஷயம் இருக்கிறது.

வண்டியைப் பூட்டியதும் அதன் கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்க வேண்டும். எல்லாம் தூங்கிய பிறகு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டம் சாதாரணமாகச் சில பத்து மில்லி ஆம்பியர்தான். ஏதாவது ஒரு பெட்டி தூங்காமல் விழித்திருந்தால் அது ஆம்பியர் கணக்கில் உறிஞ்சும். ஆப்போடு பேசுகிற டெலிமேட்டிக்ஸ் பெட்டிக்கு இந்தப் பழக்கம் அதிகம். சிக்னல் இல்லாத இடத்தில் நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டே இருக்கும், தேடும்போது பக்கத்தில் உள்ள பெட்டிகளையும் எழுப்பிவிடும். கீழ்த்தளத்தில் மட்டும் நடக்கிறது என்பது அதற்கு ஒத்துப்போகிறது. நீங்கள் ஆப்பைத் திறந்து பார்த்தது தப்பில்லை, ஒரு வண்டி அதைத் தாங்கத்தான் வேண்டும். ஆனால் சோதனை முடியும்வரை ஆப்பிலிருந்து வெளியேறி இருங்கள், இல்லாவிட்டால் அளவு குழம்பிவிடும்.

டேஷ்கேம் எதுவும் மாட்டியிருக்கிறீர்களா? இருந்தால் முதலில் கழற்றுங்கள். அது இருக்கிறவரைக்கும் சர்வீஸ் சென்டர் அதன் மேல்தான் பழி போடும்.

அளப்பது எப்படி என்று சொல்கிறேன். டிசி மின்னோட்டத்தை மில்லி ஆம்பியர் அளவுக்குக் காட்டும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். ஏசி மட்டும் அளக்கும் மலிவான கிளாம்ப் இதற்கு உதவாது. பானெட்டைத் திறந்து, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிவிடுங்கள், அப்போதுதான் பானெட் மூடியிருப்பதாக வண்டி நினைக்கும். அளந்து முடித்ததும் வழக்கமாக பானெட்டைத் திறக்கிற மாதிரியே அந்த நாக்கை விடுவித்துவிட்டு அப்புறம்தான் பானெட்டை இறக்க வேண்டும், மறந்து அப்படியே அடித்தால் பூட்டு உடையும். பூட்டிவிட்டு சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள், பக்கத்தில் இருந்தால் வண்டி தூங்காது. முக்கால் மணி நேரம் விட்டுவிட்டு, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் வயரைச் சுற்றி கிளாம்ப் போட்டுப் படியுங்கள். எந்த வயரையும் கழற்றவே வேண்டாம், அதனால் வாரண்டிக்குப் பிரச்சினை வராது. ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள், அது பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்த வயர், அதன் பக்கத்தில்கூடக் கை போக வேண்டாம்.

அதோடு மல்டிமீட்டரில் வோல்டேஜ். வண்டி நின்று சில மணி நேரம் கழித்து 12.6க்கு மேல் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே இறங்கிவிட்டால் அபாயம். வண்டி ஆன் ஆகி ‘ரெடி’ காட்டும்போது 13.5லிருந்து 14.7க்குள் இருக்க வேண்டும். அது வந்தால், பெரிய பேட்டரியிலிருந்து சின்னதை சார்ஜ் செய்யும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம், கோளாறு உறிஞ்சும் பக்கம் இருக்கிறது. வராவிட்டால் கதை வேறு.

பழைய பெரிய நிறுவனங்களுக்கும் இது வந்திருக்கிறது. ஹூண்டாய், கியா இரண்டும் 2024இல் அமெரிக்காவில் ரீகால் (விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) அறிவித்ததே, 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்யும் யூனிட் பழுதானால் ஓட்டும் சக்தியே போய்விடலாம் என்பதால்தான். ஒரு மாடல் வண்டி முழுக்க வந்தால் ரீகால், ஒருவருக்கு மட்டும் வந்தால் ‘கோளாறு இல்லை’. நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பது நீங்கள்தான்.

மூன்றாவது கார் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 12 வோல்ட் பேட்டரி எங்கே இருக்கிறது, அது செத்துப்போனால் பானெட் எப்படித் திறக்கும் என்பதை இன்றைக்கே கையேட்டில் பார்த்து வையுங்கள். சில வண்டிகளில் பானெட்டே மின்சாரத்தில் திறக்கும். அவற்றில் சிலவற்றில், இழுக்கும் கொக்கி மாட்டும் மூடிக்குப் பின்னால் அவசரத்துக்கென்று இரண்டு வயர் விட்டிருப்பார்கள். அதில் 12 வோல்ட் கொடுத்தால்தான் பானெட் திறக்கும். எனக்கு இது தெரியாமல் ஜம்ப் பேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மழையில் நின்றேன். ஜம்ப் பேக்கைக் காருக்குள் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள். கதவு திறக்காவிட்டால் உள்ளே இருக்கும் பேக்கால் என்ன பயன்?

கைவிடப்பட்டவன் எழுதியது:

நான் சொல்வது பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் சொல்கிறேன். திருப்பிக் கொடுக்க முடியும் என்றால் கொடுத்துவிடுங்கள். புதிய நிறுவனத்தில் காரோடு சேர்த்து அவர்களுடைய சர்வரையும் நாம் வாங்குகிறோம். 2024 ஜூனில் ஃபிஸ்கர் என்ற மின்சாரக் கார் நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு போட்டபோது அதன் ஓஷன் காரை வாங்கியவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். உரிமையாளர்களே சங்கம் அமைத்து, பாகம் எங்கே கிடைக்கும், சாஃப்ட்வேரை எப்படிக் காப்பாற்றுவது என்று அலைய வேண்டி வந்தது. ஏழு மாதத்தில் நான்கு முறை நின்ற வண்டி நாலு வருடம் கழித்து யார் பொறுப்பில் இருக்கும்?

ஆரஞ்சு கேபிள் எழுதியது:

உங்கள் கோபம் நியாயம், ஆனால் இவர் கேட்டது அடுத்த வாரம் என்ன செய்வது என்று. கோளாறு கண்டுபிடிக்கக்கூடியதாக இருக்கும்போது விற்றுவிடு என்று நான் சொல்ல மாட்டேன்.

சர்வீஸ் சென்டரின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நானும் அங்கே இருந்தவன். ‘கோளாறு இல்லை’ என்று எழுதும் ஆள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. வண்டி வரும்போது விழித்திருக்கிறது, பேட்டரி சார்ஜ் ஆகியிருக்கிறது, பட்டறையில் சிக்னலும் நன்றாக இருக்கிறது, அங்கே அது படுக்கவே படுக்காது. மேலே நிறுவனத்தின் தொழில்நுட்பக் குழுவுக்கு வண்டியின் கணினிப் பதிவுகளை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், புதிய நிறுவனங்களில் அந்தக் குழு சின்னது. நாள் கணக்கில் தேடினாலும் வாரண்டியில் அந்த நேரத்துக்குக் கூலி சரியாக வராது. அதனால் வண்டியின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுப்பது எளிது. குறியீட்டை அழித்தால் கோளாறு நடந்த நொடியில் பதிவான வோல்டேஜ், நேரம் எல்லாம் அதோடு போய்விடும், அடுத்த முறை முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்கு இது மூன்று தடவை நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது புகாரை எழுதும் தாள்) ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று அவர்கள் எழுதுவதை ஏற்காதீர்கள். ‘சிக்னல் இல்லாத இடத்தில் இரவு நிறுத்தினால் 12 வோல்ட் பேட்டரி காலியாகிறது, நான்காவது முறை, பேட்டரி மாற்றிய பிறகும்’ என்று உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். ‘கோளாறுக் குறியீட்டை அழிப்பதற்கு முன் முழு ஸ்கேன் அறிக்கை வேண்டும்’ என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அன்றைக்கே மின்னஞ்சலில் நீங்கள் எழுதி அனுப்பிவிடுங்கள்.

விடியற்காலை எழுதியது:

அளந்துவிட்டேன். ஆப்பிலிருந்து வெளியேறி, சாவியை மேலே வீட்டில் வைத்துவிட்டு, கீழ்த்தளத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். மீட்டரில் 1.8 ஆம்பியர். தவறாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு மணி நேரம் அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். 1.7, 1.8, நடுவில் ஒரு தடவை 4க்கு மேல் போய்த் திரும்பியது. இறங்கவே இல்லை. மறுநாள் இரவு மொட்டை வெளியில் நிறுத்தி அதே மாதிரி செய்தேன். இருபது நிமிடத்தில் 0.03 ஆம்பியருக்கு, அதாவது 30 மில்லி ஆம்பியருக்கு வந்துவிட்டது.

‘ரெடி’யில் வோல்டேஜ் 14.1. இரண்டையும் தேதி, நேரம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். டேஷ்கேம் கிடையாது.

ஆரஞ்சு கேபிள் எழுதியது:

அருமையாகச் செய்திருக்கிறீர்கள், உண்மையிலேயே. 45 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொண்டால் 1.8 ஆம்பியரில் பன்னிரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 22 போய்விடும், பாதி காலி. ஒரு வாரக் கடைசி நிறுத்தினால் முடிந்தது. பெரிய பேட்டரியிலிருந்து தானாக நிரப்பிக்கொள்ளும் வசதி உங்கள் வண்டியில் இருக்கிறதா, இருந்தால் ஏன் அது எழவில்லை என்பதையும் கேளுங்கள், அதுவும் தனிக் கோளாறுதான்.

இன்னொன்று, பல முறை அடிவரை காலியான லெட்-ஆசிட் பேட்டரி பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது. அவர்கள் மாற்றிக் கொடுத்த புதிய பேட்டரியும் இப்போது அடிபட்டிருக்கும். பெரிய பேட்டரிக்கு எட்டு வருடம் போல வாரண்டி கொடுக்கிறவர்கள் இந்தச் சின்னதற்கு மிகக் குறைவாகத்தான் கொடுப்பார்கள், அதனால் உறிஞ்சும் கோளாறைச் சரிசெய்யும்போதே இதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

அதுவரை கீழ்த்தளத்தில் நிறுத்தாதீர்கள்.

விடியற்காலை எழுதியது:

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

வீடியோவைக் காட்டியதும் பேச்சே மாறிவிட்டது. வரவேற்பில் இருந்தவர் முதலில் வழக்கம்போல ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று தட்டச்சு செய்தார். அண்ணன் சொன்னபடி நான் அசையவில்லை, என் வார்த்தையிலேயே எழுதிக் கொடுத்தார். உள்ளேயிருந்து ஒரு இளைஞர் வந்து வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, “சார், இதைத்தான் எங்களால் இங்கே வர வைக்க முடியவில்லை” என்றார். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. டெலிமேட்டிக்ஸ் பெட்டியை மாற்ற வேண்டும் என்று ஆறாம் நாள் பதில் வந்தது. பாகம் வர ஒரு வாரம். வந்த பெட்டியை வண்டியின் சேசிஸ் எண்ணோடு சர்வரில் இணைக்க மேலும் இரண்டு நாள். 12 வோல்ட் பேட்டரியையும் மாற்றிவிட்டார்கள், ஸ்கேன் அறிக்கை கையில் இருக்கிறது. தானாக நிரப்பிக்கொள்ளும் வசதி ஏன் எழவில்லை என்ற கேள்விக்கு மட்டும் ‘அடுத்த அப்டேட்டில்’ என்கிறார்கள். அதை எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை, விடப்போவதில்லை.

நேற்று இரவு கீழ்த்தளத்தில் நிறுத்தி அளந்தேன், 0.03. இன்று காலை ஐந்து மணிக்கு அம்மாவை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் முதலில் இறங்கிப் போனேன். கைப்பிடி வெளியே வந்தது. காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய் அவரை அழைத்து வந்தேன்.